மூன்றாம் தகடு

தமிழகத்தைவிட்டு வெளியே வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பொருளை ஏறக்குறைய எங்கும் காணலாம். அலமாரியின் மேல்தட்டிலோ, கட்டிலின் அடியில் உள்ள டிரங்குப் பெட்டியிலோ, கல்யாண ஆல்பத்தின் பின்னட்டைப் பையிலோ இரண்டு மூன்று குறுந்தகடுகள் உறங்கிக்கொண்டிருக்கும். ஊரில் நடந்த திருமணம், அறுபதாம் கல்யாணம், குழந்தையின் பெயர் சூட்டு விழா ஆகியவை அவற்றில் அடங்கியிருக்கும். அவற்றை எடுத்துப் பார்ப்போர் இந்நாளில் அரியர். கைப்பேசி வந்துவிட்ட பிறகு தகட்டை யார் தேடுகிறார்கள்? ஆயினும், "அது பத்திரமாக இருக்கிறது" என்ற எண்ணம் மட்டும் நம் எல்லோர் உள்ளத்திலும் உண்டு. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைச் சென்ற தை மாதம் நாம் அறிந்துகொண்டோம். அந்த அநுபவம் பிறருக்கும் பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம். மெட்ரிக் வரை மட்டுமே படித்த ஒரு ரெயில்வே குமாஸ்தா இயந்திர நுட்பம் பேசுவதை அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

நமது தகப்பனார் இங்கே, கரக்பூர் ரெயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். 2011-ஆம் ஆண்டு பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். கருணை அடிப்படையில் நமக்குக் கடைநிலை வேலை கிடைத்தது. பின்னர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். தகப்பனாரின் படங்கள் வீட்டில் பல உண்டு. ஆனால் அவருடைய குரல்? அது ஒரே ஓரிடத்தில்தான் இருந்தது. 2008-ஆம் ஆண்டு அம்பாசமுத்திரத்தில் நமது தமக்கையாரின் திருமணம் நடந்தது. அதனைப் படம் பிடித்தவர் மூன்று டி.வி.டி. தகடுகளாகச் செய்து கொடுத்தார். மூன்றாம் தகட்டின் முடிவில், பந்தி முடிந்தபின், பெரியவர்கள் ஒவ்வொருவராக ஒலிபெருக்கி முன் நின்று மணமக்களை வாழ்த்துகிறார்கள். அவர்களுள் கடைசியாகப் பேசுபவர் நமது தகப்பனார்.

சென்ற தைப்பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு, அறுபத்தெட்டு வயதான நமது தாயார் ஒரு நாள் மாலை, "எய்யா, அந்தக் கல்யாணத் தட்டப் போட்டுக் காட்டுதியா? ஒங்கப்பா பேசுனத ஒருதடவ கேட்டுக்கிடுதேன்" என்றார். அவர் நம்மிடம் எதையும் கேட்பது அபூர்வம். உடனே 2013-இல் வாங்கிய பழைய கணிப்பொறியைத் தூசி தட்டி இயக்கினோம். முதல் தகடு நன்றாக ஓடியது. இரண்டாவது தகட்டில் படம் அங்கங்கே சதுரம் சதுரமாக உடைந்து நின்று நின்று சென்றது. மூன்றாவது தகட்டைப் போட்டதும் உள்ளே 'விர்' என்று சுழலும் ஓசை, பின் ஒரு தயக்கம், மறுபடி சுழற்சி, மறுபடி தயக்கம். இவ்வாறு ஐந்து நிமிடம் சென்றபின், 'சைக்ளிக் ரிடண்டன்ஸி செக்' என்று குறிப்பிடும் ஒரு பிழைச் செய்தி திரையில் தோன்றியது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கடைவீதியில் ஒரு கடைக்குத் தகட்டை எடுத்துச் சென்றோம். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "தகடும் போயிற்று, டிரைவும் போயிற்று, புது டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள், தகட்டை மறந்துவிடுங்கள்" என்று தீர்ப்புக் கூறினார். யு.எஸ்.பி. கம்பியில் செருகும் சிறு டிரைவ் ஒன்றை வாங்கி வந்தோம். அதுவோ இன்னும் மோசம். தகடு சுழலத் தொடங்கியதும் டிரைவே திரையிலிருந்து மறைந்துவிடும். சிறிது நேரம் கழித்து மீண்டும் தோன்றும். நாம் மனம் சலித்துத் தகட்டைக் குப்பைக் கூடையருகே வைத்துவிட்டு அலுவலகம் சென்றோம். மாலையில் வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. தாயார் அதைத் தம் பழம்புடவைத் துணியொன்றில் சுற்றித் தம் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

நமது அண்டை வீட்டில் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வங்கப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வங்காளத்தில் சிற்றப்பாவைக் 'காக்கு' என்று அழைப்பர். நாமும் அவரை அவ்வாறே அழைப்போம். ஊரிலிருந்து வரும் உறவினர் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. அவரிடம் நமது குறையைக் கூறினோம். அவர் கேட்டார்: "சிக்னல் கை இறங்கவில்லை என்று தகவல் வந்தால் உடனே கம்பத்தையா பிடுங்குவார்கள்? விளக்கா, கம்பியா, ரிலேயா, மின்சாரமா என்று ஒவ்வொன்றாகத் தானே பார்ப்பார்கள்? நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் கெட்டது என்று சந்தேகிக்கும் இடத்தில் வைத்துப் பார். எதை மாற்றும்போது குறை நீங்குகிறதோ அதில்தான் குற்றம். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றாதே."

இது நமக்கு நன்றாக விளங்கியது. வண்டி தாமதமானால் எந்தப் பிரிவில் எத்தனை நிமிடம் நின்றது என்று பிரித்தெழுதுவது ரெயில்வேயில் அன்றாட வழக்கந்தானே! ஆகவே, நல்லதென்று தெரிந்த தகடு ஒன்றைத் தேடினோம். கடையில் விலைக்கு வாங்கிய பக்திப் பாடல் தகடு ஒன்று கிடைத்தது. பழைய டிரைவில் அது சிறிதும் தடையின்றிப் பாடியது. "ஆக, டிரைவ் நல்லது, தகடுதான் கெட்டது" என்று முடிவு கட்டினோம். அம்முடிவு தவறு என்பது பொங்கல் விழாவன்றுதான் தெரிந்தது.

இங்குள்ள ஐ.ஐ.டி.யில் பயிலும் மதுரை இளைஞர் ஒருவர் நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வந்திருந்தார். பந்தியில் பேச்சுவாக்கில் இச்செய்தியைச் சொன்னோம். அவர் உடனே, "அண்ணே, நீங்க போட்டுப் பாத்தது கம்பெனியில அச்சடிச்ச தகடு. கல்யாணத் தகடு வீட்டுக் கம்ப்யூட்டர்ல எரிச்சது. ரெண்டும் ஒண்ணு இல்லண்ணே" என்றார். மறு ஞாயிறு நமது இல்லத்துக்கே வந்து விளக்கினார். அவர் கூறியதை நமக்கு விளங்கியவரையில் தருகிறோம்.

தகட்டில் பதிவு என்பது உள்வட்டத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிச் சுற்றிச் சுற்றிச் செல்லும் ஒற்றைத் தடம். டி.வி.டி. தகட்டில் அத்தடத்தின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 1,300-க்கு மேற்பட்ட சுற்றுகள். தடத்தை நீட்டிப் போட்டால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வரும். நம்மைப் போன்ற ரெயில்வே ஊழியர்க்கு இது எளிதில் மனத்தில் பதியும்: பன்னிரண்டு கிலோமீட்டர் ஒற்றை இருப்புப் பாதை உள்ளங்கை அகலத்துக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் செந்நிற லேசர் ஒளி ஒன்று லென்ஸ் வழியே குவிந்து விழுந்து, திரும்பி வரும் ஒளியின் ஏற்றத் தாழ்வைக் கொண்டு பதிவைப் படிக்கிறது.

கம்பெனித் தகட்டில் பள்ளங்கள் அச்சு வார்ப்பிலேயே அமைந்து, அவற்றின்மேல் உலோகப் பூச்சு இருக்கும். ஆகையால் ஒளி நன்கு திரும்பும். நாம் கணிப்பொறியில் பதிவு செய்யும் தகட்டிலோ ஒருவகைச் சாயப்பூச்சு உண்டு. அதனை லேசர் சுட்டுப் புள்ளியிடுகிறது. அதிலிருந்து திரும்பும் ஒளி பொதுவாகக் குறைவு. போதாததற்கு அச்சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். எனவே தூசி படிந்த லென்ஸ் உள்ள டிரைவ், அச்சுத் தகட்டைப் படித்துவிட்டு எரித்த தகட்டைப் படிக்க மாட்டாமல் தவிக்கும். இன்னொன்று: குறுந்தகட்டுக்கு 780 நானோமீட்டர் லேசர், டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் லேசர் என்று வெவ்வேறு ஒளிகள் உண்டு. ஒன்று தளர்ந்து மற்றொன்று நன்றாக இருத்தலும் கூடும். ஆகவே, எந்த வகைத் தகட்டில் குறை உள்ளதோ அதே வகைத் தகட்டைக்கொண்டே டிரைவைச் சோதிக்க வேண்டும். நமது பக்திப் பாடல் தகடு உண்மை சொல்லும் சாட்சியே. ஆனால் நம் வழக்குக்குப் பொருந்தாத சாட்சி!

நமது மகளின் பெயர் சூட்டு விழாவை 2016-இல் பதிவு செய்த டி.வி.டி. ஒன்று கீறலின்றி உறைக்குள் இருந்தது. அதைப் போட்டோம். அதுவும் படிக்கவில்லை! அப்போதுதான் டிரைவிலும் குற்றம் உண்டு என்பது வெளியாயிற்று. இளைஞர் கணிப்பொறியின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு டிரைவைக் கழற்றினார். அடியில் உள்ள நான்கு திருகுகளை நீக்கி, முகப்பில் உள்ள ஊசித் துளையில் ஒரு காகிதக் கவ்வியை நீட்டிச் செருகித் தட்டை வெளியே இழுத்தார். உள்ளே பட்டாணியை விடச் சிறிய லென்ஸ். அதன்மேல் பன்னிரண்டு ஆண்டுத் தூசி. பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு, இறகால் வருடுவதுபோல் துடைத்தார். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் அழுத்தினால் அதன் நிலை கெடும். மின்சாரம் உள்ள நேரத்தில் லேசரைக் கண்ணால் பார்த்தலோ, கூடவே கூடாது.

நிற்க. கடையில் வாங்கிய புது டிரைவ் மறைந்து மறைந்து தோன்றியதன் மர்மமும் அன்றே விளங்கியது. பழைய கணிப்பொறிகளின் யு.எஸ்.பி. வாயில் ஒன்று தரக்கூடிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். தகட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் இத்தகைய டிரைவுக்கு அதைவிட அதிகம் வேண்டியிருக்கும். பற்றாக்குறை ஏற்பட்டதும் டிரைவ் சோர்ந்து விழுகிறது. முன்பக்க வாயிலிலிருந்து மாற்றிக் கணிப்பொறியின் பின்பக்க வாயிலில், இரண்டு செருகு முனைகள் உள்ள கம்பியால் இணைத்ததும் அது நிலைத்து நின்றது. புது டிரைவில் குற்றமே இல்லை. அது பசியால் மயங்கியது, அவ்வளவே.

இப்போது பெயர் சூட்டு விழாத் தகட்டை இரண்டு டிரைவுகளும் படித்தன. மூன்றாம் தகட்டைப் போட்டோம். கோப்புகளின் பெயர்கள் திரையில் தோன்றின. தாயார் முகம் மலர்ந்தது. ஆனால் படம் முக்கால் பங்கு ஓடியபின் மறுபடியும் நின்றது. தகட்டிலும் குற்றம் இருந்தது! கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை; நாம் நினைத்ததிலும் பாதி உண்மை. ஒரே இடத்தில் இரண்டு குறைகள் சேர்ந்திருக்கும்போது ஒன்றைக் கண்டதும் மற்றதை விட்டுவிடுகிறோம். அலுவலகத்திலும் இல்லத்திலும் இவ்வாறு எத்தனை தீர்ப்புகள் வழங்கியிருக்கிறோமோ என்று நாம் நாணினோம்.

தகட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோது விளிம்பை ஒட்டி விரல் ரேகைகளும், மங்கலான ஒரு படலமும் தெரிந்தன. பதிவு உள்ளிருந்து வெளியே செல்லுவதால், திருமணத்தின் முடிவு விளிம்பில் இருக்கிறது. கை படுவதும் அங்கேதான். டிரைவ் தடுமாறுவதும் பெரும்பாலும் அங்கேதான். நமது தகப்பனார் கடைசியில் பேசினார். ஆகவே அவருடைய குரல் மிகவும் ஆபத்தான இடத்தில் இருந்தது.

துடைப்பதற்கும் முறை உண்டு. மெல்லிய பருத்தித் துணியைச் சிறிது நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தலாகாது. தகட்டில் பிழைகளைத் தானே கணித்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கடிதத்தில் வரிக்கு ஓர் எழுத்து அழிந்திருந்தால் நாம் ஊகித்துப் படித்துவிடுகிறோம். ஒரு வரி முழுவதும் அழிந்தால் எவ்வாறு படிப்பது? தடத்தின் குறுக்கே செல்லும் கீறல் முதல் வகை; தடத்தோடு கூடவே வளைந்து செல்லும் கீறல் இரண்டாம் வகை. வட்டமாகத் துடைத்தால் நாமே இரண்டாம் வகைக் கீறலை உண்டாக்கிவிடுவோம்.

துடைத்த பின்னும் இளைஞர் படத்தை ஓட்ட விடவில்லை. "மொதல்ல நகல் எடுத்துக்குவோம்ணே. அப்புறமா ஓட்டிப் பாக்கலாம்" என்றார். சேதமான தகடுகளை நகலெடுப்பதற்கென்றே 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள் உண்டு. டி.வி.டி. தகட்டில் பதிவு 2,048 பைட்டு கொண்ட சிறு சிறு பகுதிகளாக இருக்கிறது. முழுத் தகட்டில் ஏறத்தாழ 23 இலட்சம் பகுதிகள். இம்மென்பொருள் முதலில் எளிதாகக் கிடைப்பவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்லும். பிறகு திரும்பி வந்து அவற்றைப் பொறுமையாக முயலும். எவை கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்று ஒரு பேரேடும் எழுதி வைக்கும். குமாஸ்தாவாகிய நமக்கு அப்பேரேட்டின்மேல் தனி மதிப்பு ஏற்பட்டது!

பழைய டிரைவில் இரவு முழுவதும் ஓடவிட்டோம். காலையில் சுமார் 9,000 பகுதிகள் பாக்கி. அதே பேரேட்டுடன் தகட்டைப் புது டிரைவுக்கு மாற்றினோம். ஒரு டிரைவ் படிக்க மாட்டாததை மற்றொரு டிரைவ் படித்தல் உண்டு; இரண்டின் கண்களும் ஒன்றல்லவே. வேகத்தைக் குறைத்து வைத்தோம்; மெதுவாகச் சுழலும்போது தகட்டின் அதிர்வு குறைகிறது. மறுநாள் மாலை பாக்கி 600 பகுதிகளாகச் சுருங்கியது. அதற்குமேல் ஒன்றும் நகரவில்லை. 600 பகுதி என்பது படத்தில் ஏறத்தாழ இரண்டு வினாடி.

அன்றிரவு எல்லோரும் கணிப்பொறி முன் அமர்ந்தோம். காக்குவும் வந்திருந்தார். பந்தி முடிந்தது, பெரியவர்கள் வாழ்த்தினார்கள், கடைசியில் தோளில் துண்டுடன் தகப்பனார் வந்து நின்றார். "ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். சண்ட வந்தாலும் அன்னைக்கி ராத்திரியே பேசித் தீத்துக்கிடுங்க" என்றார். பிறகு பக்கத்தில் யாரையோ பார்த்து, "ஏளா, அங்ஙன என்னத்துக்கு நிக்கே? இங்க வா, நீயும் ஒரு வார்த்த சொல்லு" என்றார். அத்துடன் படம் உறைந்தது. குரல் நின்றது. இரண்டு வினாடி சென்று மீண்டபோது அவர் ஒலிபெருக்கியை விட்டு நகர்ந்துகொண்டிருந்தார்.

நமது மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், விளையாட்டில் வங்காளமும் பேசுபவள். "ஏளான்னா என்ன ஆச்சி?" என்று கேட்டாள். தாயார் சிரித்தார். "என்னத்தான் கூப்பிடுதாவ, தாத்தா. நம்ம ஊருல அப்பிடித்தான் கூப்பிடுவாவ" என்றார். நாம் பதினான்கு ஆண்டுகளாக அச்சொல்லை இவ்வீட்டில் கேட்டதில்லை. அதைச் சொல்லும் உரிமை உடையவர் ஒருவர்தான் இருந்தார். குழந்தை அதனைத் தாத்தாவின் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அந்த ரெண்டு வினாடி போயிருச்சேம்மா, என்ன சொன்னாங்களோ" என்று நாம் வருந்தினோம். "அதுல ஒண்ணுமில்ல எய்யா. நான் வரமாட்டேன்னு தூணுக்குப் பின்னால போயிட்டேன். அவுக சிரிச்சாவ, அம்புட்டுதான்" என்றார் தாயார். எந்த இயந்திரத்தாலும் படிக்க இயலாத பகுதி அவருடைய நினைவில் கீறலின்றி இருந்தது.

ஆனால் அன்பர்களே, அந்நினைவை நகலெடுக்க வழி இல்லை. தகட்டை நகலெடுக்க வழி உண்டு. அதுவும் இன்னும் சில காலத்துக்கே. இப்போது விற்கும் மடிக்கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றில் டிரைவே கிடையாது. ஆதலின் இவ்வாரமே உங்கள் இல்லத்துத் தகடுகளை எடுத்துப் பாருங்கள். விளிம்பையும் நடுத்துளையையும் மட்டுமே தொடுங்கள். படிக்கவில்லை என்றால் தகட்டை எறியாதீர்கள். அதே வகையான வேறொரு தகட்டை அதே டிரைவிலும், அதே தகட்டை வேறொரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். கம்பியையும் மின்சாரத்தையும் பாருங்கள். படித்தால், ஓட்டிப் பார்க்குமுன் நகலெடுத்து, ஒரு நகலை இங்கும் ஒரு நகலை ஊரில் உள்ள உடன்பிறந்தாரிடமும் வையுங்கள். மூலத் தகட்டை உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அதன்மேல் காகிதம் ஒட்டாதீர்கள். சுழலும்போது எடை ஒருபக்கம் சாயும்.

நமது புது டிரைவையும் இருமுனைக் கம்பியையும் சங்கத்துப் படிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஞாயிறுதோறும் மாலையில் நாமும் அங்கே இருப்போம். தகடு கொண்டு வருவோர்க்கு நமக்குத் தெரிந்த அளவில் உதவுவது நமது கடமை என எண்ணுகிறோம். வரும்போது உங்கள் குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். அவர்கள் கேட்க வேண்டிய சொல் ஒன்று அதில் இருக்கக்கூடும்.